வேலைக்கு வருபவர்கள் வீட்டில் எல்லை மீறினால்: யாழ்ப்பாணத்து வீட்டுக்காரரின் கேள்விகளும் பதில்களும்

மேசன், வயறிங்காரர், பைப் வேலைக்காரர், பெயின்ற் அடிப்பவர், மரம் வெட்டுபவர், கிணறு இறைப்பவர் என்று யாராவது ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வராத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. பெரும்பாலானோர் வேலையை முடித்து, கூலியை வாங்கி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மரியாதையாகப் போய்விடுவார்கள். இங்கே பேசுவது மற்றச் சிலரைப் பற்றி.

எல்லை மீறுவது என்று எதைச் சொல்வது? கொஞ்சம் உரிமையோடு கதைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம்தானே?

பழக்கம்தான். வந்த முதல் நாளே "அம்மா, பிள்ளையள் எங்கை இருக்கினம்?" என்று கேட்பது இங்கே கதை தொடங்கும் விதம். அதற்கு முகத்தைச் சுளித்தால் பிழை எங்களில்தான். ஆனால் மகன் மாதம் எவ்வளவு அனுப்புகிறான், இரவில் வீட்டில் யார் படுக்கிறது, காணி யாருடைய பேரில் இருக்கிறது என்பதெல்லாம் குழாய் மாற்ற வந்தவருக்குத் தேவையில்லாத கதை.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சொன்ன பிறகும் செய்கிறாரா? தெரியாமல் செருப்போடு விறாந்தையில் ஏறியவர் ஒருமுறை சொன்னதும் கழற்றினால் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. மூன்றாம் முறையும் சொல்ல வேண்டி வந்தால் அதை மறதி என்று எடுக்க வேண்டாம். பெண்களிடமோ பிள்ளைகளிடமோ பிழையாக நடப்பதற்கு இந்தக் கணக்கு இல்லை. அங்கே முதல் முறையே கடைசி முறை.

இதையெல்லாம் எப்போது சொல்வது? வேலை நடக்கும்போது சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கூலி பேசும்போதே சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் கொந்தராத்தா நாள் சம்பளமா என்று அரை மணித்தியாலம் இழுபறிப்படுவார்கள். ஆனால் வேலையாள் எந்தக் கக்கூசுக்குப் போவது, எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று ஒரு வார்த்தை கதைக்கமாட்டார்கள். பிறகு ஐந்தாம் நாள் பொறுமை போய்ச் சத்தம் போடும்போது, சொல்வது சரியாக இருந்தாலும் அது அவமானப்படுத்துவது போலத்தான் கேட்கும். முதல் நாள் சொன்னால் அதுவும் வேலை விபரத்தில் ஒன்று. யாரும் கோபிப்பதில்லை.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணை, காலமை எட்டு மணிக்குத் தொடங்கி அஞ்சு மணிக்கு முடியுங்கோ. சாமான் வைக்கிறதுக்குப் பின் கொட்டில் இருக்கு, கக்கூசும் அங்காலைதான். வீட்டுக்குள்ளை ஏதும் வேணுமெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ, எடுத்துத் தாறன். சொன்ன வேலைக்கு மேலை ஏதும் வந்தால் முதல்லை விலையைச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ."

இவ்வளவுதான். இதையே ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி, கூலி, முற்பணம், முடிக்கும் திகதி என்பவற்றையும் போட்டு இருவரும் கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது. "எங்களிலை நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்பவர்களும் உண்டு. "எனக்குத்தான் மறதி அண்ணை" என்று சொல்லிக் கொப்பியை நீட்டுங்கள்.

இன்னொன்று. நல்லூர்க் கொடி ஏற முன்னரும் தைப்பொங்கலுக்கு முன்னரும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வர முன்னர் பெயின்ற் அடித்துவிட வேண்டும், ரைல்ஸ் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம். ஆள் கிடைத்ததே பெரிய காரியம் என்று நினைத்து, மற்ற நாட்களில் பொறுக்காததை எல்லாம் அப்போது பொறுத்துக்கொள்கிறோம். தள்ளிப்போடக்கூடிய வேலையை அந்தக் கிழமைகளுக்கு வைக்காதீர்கள்.

அம்மா ஊரில் தனியே இருக்கிறா. நான் கனடாவிலிருந்து வேலையை நடத்துகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

வேலையாளோடு நீங்கள் நேரே வட்ஸ்அப்பில் கதைத்து முடிவெடுத்துவிட்டு அம்மாவுக்குச் சொல்லாமல் விடுவதை முதலில் நிறுத்துங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் பிறக்கிறது. அம்மா "அந்தச் சுவரை இடிக்க வேண்டாம்" என்று சொல்லும்போது, "மகன் ஓம் எண்டிட்டார் அம்மா" என்று ஒரு பதில் வரும். அன்றோடு அந்த வீட்டில் அம்மாவின் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். பிறகு அவ கேற்றைப் பூட்டச் சொன்னாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். காசு உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அந்த வளவில் இருப்பவ அவ. "அம்மா சொல்லுறதுதான் முடிவு, என்னட்டைக் கேக்கிறதெண்டாலும் அவவை வைச்சுக்கொண்டு கேளுங்கோ" என்று முதல் அழைப்பிலேயே மேசனிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது விலை. வெளிநாட்டுக் காசு என்று தெரிந்தால் விலை ஏறுவது உலகம் அறிந்த விஷயம். உள்ளூரில் அண்மையில் வேலை செய்வித்த இரண்டு வீட்டாரிடம் கூலியைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். அனுப்பும் காசை வேலையாளின் வங்கிக் கணக்குக்கே போட்டால் எழுத்தில் ஒரு பதிவு இருக்கும். அம்மாவின் கையில் பெரிய தொகையைக் கொடுத்து வைக்க வேண்டாம். வீட்டில் காசு இருக்கிறது என்ற கதை ஒழுங்கை முழுக்கப் பரவ ஒரு நாள் போதும்.

பக்கத்து வீட்டு அக்காவையோ சித்தப்பாவையோ நாளுக்கு ஒருமுறை வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் வர வேண்டாம். ஒருநாள் காலை, ஒருநாள் மத்தியானம். எந்தக் கமெராவை விடவும் இது நன்றாக வேலை செய்யும்.

கேட்காமல் அறைகளுக்குள் போகிறார். "பிளக் பாக்கப் போனனான்" என்கிறார்.

வேலை இல்லாத அறைகளைக் காலையிலேயே பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சாமி அறையும் அப்படித்தான். நகை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் இருக்கும் அலுமாரி வேலை நடக்கும் அறைக்குள் இருந்தால் வேலை தொடங்க முதல் நாள் அவற்றை இடம் மாற்றுங்கள். வேலையாளுக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போவது இங்கேதான் இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதற்குச் சமம்.

மறுபடி போனால் பின்னாலேயே போய் வாசலில் நின்று, "தம்பி, இஞ்சை என்ன வேலை? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதிலுக்காக நில்லுங்கள். சிரித்துச் சமாளிக்கும் பழக்கம் எங்களுக்கு அதிகம், அந்த இடத்தில் சிரிக்க வேண்டாம்.

கிணற்றடியில் குளிக்க விடலாமா?

கை கால் கழுவ விடாத வீடு இருக்காது. குளிப்பது உங்கள் விருப்பம். பெண்கள் குளிக்கும் நேரத்தோடு மோதாமல் இருக்க, வேலை முடியும் நேரத்தை முன்னரே ஒதுக்கிக் கொடுங்கள்.

நான் இதைவிடக் கவலைப்படுவது வாளியைப் பற்றி. குடிதண்ணீர் அள்ளும் வாளியை எடுத்து அதிலேயே சீமெந்தைக் கரைப்பார்கள். பெயின்ற் தூரிகையைக் கிணற்றுக் கட்டில் வைத்துக் கழுவுவார்கள், சாந்துத் தாச்சியை அங்கேயே கவிழ்ப்பார்கள். வழிகிற தண்ணீர் கட்டின் வெடிப்பு வழியாகத் திரும்பக் கிணற்றுக்குள்தான் போகும். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கீழே போக அதிக நேரம் எடுப்பதில்லை. வேலைக்கென்று ஒரு பழைய வாளியும் கயிறும், கழுவுவதற்கு வளவின் மறு கரையில் ஓர் இடமும் முதல் நாளே காட்டிவிடுங்கள். பங்குக் கிணறு என்றால் மற்றப் பங்காளிகளுக்கும் ஒரு சொல் சொல்லிவைப்பது நல்லது, வேலையாள் அவர்களுடைய வழியால் சாமான் கொண்டுபோகப் போகிறார் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மேசன் வேலை முடித்துப் போன பிறகும் சண்டை மட்டும் மிஞ்சும்.

தேத்தண்ணி, சாப்பாடு கொடுக்க வேண்டுமா? தனிக் கோப்பை வைத்தால் அதுவும் ஓர் எல்லைதானே?

பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேத்தண்ணி கொடுப்பது இங்கே எழுதாத ஒப்பந்தம். பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும் போதும். மத்தியானச் சாப்பாடு கூலி பேசும்போது முடிவு செய்ய வேண்டியது.

தனிக் கோப்பைக்கு வருவோம். இல்லை, அது எல்லை இல்லை. வீட்டுக்குள் எங்கே போகலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒருவருடைய சாதியைப் பார்த்துச் சில்வர் பேணியைத் தனியாக எடுத்து வைப்பது அந்த உரிமையில் சேராது. யாழ்ப்பாணத்துக்கு இந்த விஷயத்தில் நல்ல பெயர் கிடையாது. சாதி காரணமாக ஒருவரை ஒதுக்குவதைக் குற்றமாக்கி 1957ஆம் ஆண்டே சட்டம் வந்தது, அதற்குப் பிறகும் தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் போவதற்குப் போராட வேண்டியிருந்தது. வீட்டுக்குள் ஒருவரையும் விட விருப்பமில்லையென்றால் எல்லோரையும் ஒரே மாதிரி விறாந்தையில் நிறுத்துங்கள். வயறிங்காரத் தம்பிக்குக் கதிரையும் கிணறு இறைக்க வந்தவருக்குப் படிக்கட்டும் என்றால், உங்கள் வீட்டு விதிகளை ஒருவரும் மதிக்கப்போவதில்லை, மதிக்கத் தேவையும் இல்லை.

விரத நாளில் மச்சப் பார்சல் கொண்டுவருகிறார்கள்.

முதல் நாள் சொல்லிவிடுங்கள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வீட்டில் மச்சம் இல்லையென்றால், "வேப்பமரத்தடியிலை இருந்து சாப்பிட்டிட்டு இலையை வெளியாலை போடுங்கோ" என்றால் போதும். அவர் என்ன சாப்பிட வேண்டும் என்பது உங்கள் விஷயம் அல்ல. மீன்குழம்பு இல்லாமல் மத்தியானம் போகாத மனிதர்கள் நிறையப் பேர்.

கக்கூஸ்?

கொடுக்கத்தான் வேண்டும். பின் வளவில் இருந்தால் அது, இல்லாவிட்டால் உள்ளே உள்ளதில் ஒன்று. மறுத்துவிட்டு வேலிக் கரையில் நிற்கிறார் என்று முறைப்படுவதில் நியாயம் இல்லை.

முற்பணம் வாங்கினார். பிறகு "பிள்ளைக்குச் சுகமில்லை" என்று கடனும் கேட்டார். இப்போது போனே எடுக்கிறாரில்லை.

முற்பணத்தையும் கடனையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். முற்பணம் வேலைக்கானது, வேலையின் அளவோடு நடக்க வேண்டும். சாமான்களை நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்தால் முற்பணம் சிறிதாகவே இருக்கலாம், அதில் அவர் இழப்பதற்கு எதுவும் இல்லை. மீதியைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: அத்திவாரம் முடிந்ததும் இவ்வளவு, சுவர் எழும்பியதும் இவ்வளவு, பூச்சு முடிந்ததும் இவ்வளவு. கடைசித் தொகை ஒன்றைக் கடைசிச் சின்ன வேலைகள் முடியும்வரை வைத்திருங்கள். கதவுக்குப் பிணைச்சல் பூட்டாமல், சுவரில் ஓட்டை அடைக்காமல் போன வேலையாட்கள் திரும்பி வருவது அந்தத் தொகைக்காகத்தான்.

கடன் உங்கள் மனம். கொடுப்பதென்றால் திரும்பி வராது என்று நினைத்துக் கொடுக்கக்கூடிய அளவு கொடுங்கள், கொப்பியில் தனியாக எழுதுங்கள். கொடுக்க முடியாவிட்டால் காரணம் அடுக்க வேண்டாம். "இப்ப ஏலாது தம்பி, செய்த வேலைக்குரிய காசை வெள்ளிக்கிழமை தாறன்" என்றால் போதும். காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்கு ஒரு தீர்வோடு மறுநாள் வருவார்.

காசு வாங்கிவிட்டு வராதவருக்கு முதலில் எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்: எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தத் திகதியில், எந்த வேலை மிச்சம், எந்த நாளுக்குள் வர வேண்டும். திட்டு வேண்டாம், சாபமும் வேண்டாம். பிறகு எங்கே முறையிட்டாலும் அந்தச் செய்திதான் பேசும்.

சொல்லாத வேலையையும் செய்துவிட்டுக் காசு கேட்கிறார்.

சொல்லாத வேலைக்குக் காசு கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை என்றுதான் தொடங்க வேண்டும். உண்மையிலேயே உடனே செய்யாவிட்டால் ஆபத்து என்ற வேலையா, இல்லைக் கூலியைக் கூட்டும் வேலையா என்று பாருங்கள். குளியலறைக் குழாயை மாற்ற உடைத்தபோது சுவருக்குள் பழைய பைப் வெடித்திருந்தால் அதை அப்படியே மூடிவிட்டுப் போக முடியாது. அதுக்குச் சாமான் காசோடு ஒரு நியாயமான கூலி கொடுங்கள். நல்லாயிருக்கும் என்று நினைத்து முன்மதிலுக்குப் பூ வேலைப்பாடு வைத்தார் என்றால் அது அவருடைய ஆசை.

மின்சார வேலையில் இந்த விஷயம் விளையாட்டு இல்லை. ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது என்று சொன்னால் சிலர் எங்கே மின் கசிகிறது என்று தேடாமல், சுவிச்சையே விலத்தி நேரே வயரைக் கொடுத்துவிட்டு "இனி விழாது" என்பார்கள். உண்மைதான், இனி அது விழாது. அடுத்தமுறை ஈரக் கையோடு மோட்டரைத் தொட்டவர்தான் விழுவார். வேலை முடிந்ததும் ட்ரிப் சுவிச்சில் உள்ள ரெஸ்ற் பொத்தானை அவர் நிற்கும்போதே அமத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காசு கொடுக்க வேண்டாம். மீட்டரின் சீலில் கை வைக்க ஒருவரையும் விடாதீர்கள். அது மின்சாரம் தரும் நிறுவனத்தின் சாமான், சீல் உடைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியது உடைத்தவர் இல்லை, மின்சாரப் பட்டியல் யாருடைய பேரில் வருகிறதோ அவர்.

ஆளைத் தெரிவு செய்யும்போதே என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். மின்சார வேலைக்கு மூன்றாம் தரமாவது இருக்கட்டும். கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, எடுத்தவர்கள் போனில் படம் வைத்திருப்பார்கள்.

மிச்சமான சீமெந்து, வயர், கழற்றிய பழைய மரம் எல்லாம் யாருக்கு?

காசு கொடுத்து வாங்கியது உங்களுக்கு. கழற்றியதும் உங்களுக்கு. பழைய நாற்சார் வீட்டுக் கதவு, நிலை, தூண், பனஞ்சிலாகை போன்றவற்றுக்கு இப்போது வாங்க ஆள் இருக்கிறது. "இது உக்கினது அம்மா, நான் கொண்டுபோய் எரிக்கிறன்" என்று ஓட்டோவில் ஏற்றினால், ஏற்ற முதல் ஒருக்கால் தட்டிப் பாருங்கள். ஐம்பது வருடம் கூரையைத் தாங்கிய வைரப் பனை ஒரு மழையில் உக்குவதில்லை. கொடுக்க விருப்பமென்றால் நீங்களாகக் கொடுங்கள். அரை மூட்டை சீமெந்தையும் துண்டு வயரையும் நான் கணக்குப் பார்க்கமாட்டேன்.

ஒரு கிளை வெட்டச் சொன்னால் முழு மரத்தையும் வெட்டிவிட்டார்.

மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. ஆகவே வெட்ட முன்னர் கிளையில் சுண்ணாம்போ நிறத் துணியோ அடையாளம் வைத்து, கீழே நீங்களோ வீட்டில் ஒருவரோ நில்லுங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கிராம அலுவலரிடம் போய், பிரதேச செயலகம் வழியாக அனுமதி எடுக்க வேண்டும். "அதெல்லாம் நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்று மரக்காரர் சொன்னால் அனுமதிக் கடதாசியைக் கண்ணால் காணும்வரை வாளை வைக்க விடாதீர்கள். மரத்தின் விலையும் வெட்டுக் கூலியும் தனித்தனியாகப் பேசப்பட வேண்டும். மரத்தை எடுத்துக்கொண்டு கூலியும் வாங்கிப் போகும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

தென்னையில் ஏறுபவரைப் பற்றியும் ஒன்று. மேலே போனால் பக்கத்து வீட்டுக் கிணற்றடி தெரியும். ஏற முன்னர் வேலிக்கு மேலால் சத்தம் கொடுத்துச் சொல்லிவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

பேசியது ஓர் ஆள், வருவது வேறு மூன்று பேர். அதில் ஒருவன் சிறுவன் போல இருக்கிறான்.

யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. புது முகம் வந்தால் பெயரும் ஊரும் கேளுங்கள், "நாளைக்கு ஆர் வாறது?" என்று முதல் நாள் மாலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பு முழுவதும் நீங்கள் பேசிய ஆளிடம்தான், கையாள் செய்த பிழைக்கும் அவர்தான் பதில்.

சிறுவன் என்றால் வயதைக் கேளுங்கள். இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆனது. ஆபத்தான வேலைகளுக்குப் 18 வேண்டும். சாரத்தில் ஏறிக் கல் தூக்குவது பள்ளிக்கூடப் பிள்ளை செய்யும் வேலை இல்லை. அவனைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், அன்றைய வேலை பிந்தினாலும் பரவாயில்லை.

மத்தியானம் தவறணைக்குப் போய்விட்டு வருகிறார்.

அன்றைக்கு வேலை வேண்டாம் என்று அனுப்புங்கள். அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். குடித்த மனிதரோடு வாசலில் நின்று நியாயம் கதைக்க வேண்டாம், கதையை நாளைக் காலைக்கு வையுங்கள். வெற்றிலைத் துப்பல், பீடி எல்லாவற்றுக்கும் வளவில் ஓர் இடம் காட்டலாம். குடித்துவிட்டு ஏணியில் ஏறுவதற்கு இடம் காட்ட முடியாது.

வேலைக்கு வந்த தம்பி மகளின் நம்பரை எடுத்து இரவில் செய்தி அனுப்புகிறான். பெரிதாக்கினால் மகளின் பெயர் கெட்டுவிடும் என்று அவளுடைய அப்பா சொல்கிறார்.

பெயர் கெட வேண்டியது செய்தி அனுப்புகிறவனுக்கு. இந்தப் பயத்தை நம்பித்தான் இப்படிப்பட்டவர்கள் துணிகிறார்கள். முதலில் மகளிடம், "நீ என்ன கதைச்சனி?" என்று கேட்டுத் தொடங்காதீர்கள். அவள் சொன்னதே பெரிய விஷயம். அப்படிக் கேட்டால் அடுத்தமுறை சொல்லமாட்டாள்.

செய்திகளை அழிக்க வேண்டாம். நேரமும் இலக்கமும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து உங்கள் போனுக்கும் அனுப்பி வையுங்கள், அதற்குப் பிறகு அந்த இலக்கத்தைத் தடை செய்யுங்கள். அவனை வேலைக்குக் கூட்டி வந்தவரிடம் வீட்டில் பெரியவர் ஒருவர் கதைக்கட்டும்: "நாளையிலிருந்து இந்தப் பெடியன் இந்த வளவுக்குள்ளை வரக்கூடாது. காரணம் உங்களுக்கும் தெரியவேணும்." மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவனை நேரே மகளிடம் கூட்டி வர விடாதீர்கள்.

தொட்டது, வழிமறித்தது, அசிங்கமாகக் கதைத்தது என்றால் பொலிசுக்குப் போகும் விஷயம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைப் பற்றியது. தொட வேண்டியதில்லை, சொல்லாலும் செய்கையாலும் கொடுக்கும் தொந்தரவும் அதற்குள் வரும். ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கொடுக்கலாம், நட்டஈடும் விதிக்கலாம். பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகள் என்றால் 1929. அவசரம் என்றால் யோசிக்காமல் 119.

எங்கள் வீட்டைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்.

தன் வேலையைக் காட்டி அடுத்த வேலை பிடிக்க வேண்டும் என்று அவர் நினைப்பது நியாயம்தான். ரைல்ஸ் பதித்த தரையைப் போடட்டும். கேற், மோட்டார் சைக்கிள் இலக்கம், கொடியில் காயும் உடுப்பு, சுவரில் தொங்கும் குடும்பப் படம் எதுவும் வரக்கூடாது. போட்டுவிட்டார் என்றால் எந்தப் படம் என்று குறிப்பாகச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் வெளிநாட்டுக்காரர் வீடு என்று எழுதி வீடியோ போடுவது மட்டும் சிரித்துவிடும் விஷயம் இல்லை.

திறப்பைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகலாமா?

பல வருடம் தெரிந்த ஆள் என்றால் கொடுப்பவர்கள் கொடுக்கிறார்கள். நான் படலைத் திறப்பையும் வேலை நடக்கும் பகுதித் திறப்பையும் மட்டும் கொடுப்பேன், அதையும் மாலையில் திரும்ப வாங்குவேன். புது ஆளிடம் கொடுத்திருந்தால் வேலை முடிந்ததும் பூட்டை மாற்றுங்கள். ஒரு பூட்டின் விலை பெரிதில்லை.

கமெரா பூட்டலாம், ஆனால் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். கக்கூஸ் பக்கம் திருப்ப வேண்டாம்.

வேலை பாதியில் இருக்கிறது. ஆளை நிறுத்த வேண்டும். எப்படி?

மாலையில், கூலி கொடுக்கும் நேரத்தில் சொல்லுங்கள். காலையில் சொன்னால் ஒரு நாள் உழைப்பை இழந்த கோபமும் சேரும். தனியே நிற்காதீர்கள், வீட்டில் ஒருவரோ பக்கத்து வீட்டாரோ கூட இருக்கட்டும். அவருடைய கையாட்களுக்கு முன்னால் சொல்லவும் வேண்டாம். தன் ஆட்களுக்கு முன்னால் தலை குனியும் மனிதர் சண்டைக்குத்தான் வருவார்.

சொல்வது சுருக்கமாக இருக்க வேண்டும். "அண்ணை, இண்டையோடை வேலையை நிப்பாட்டுவம். இதுவரைக்கும் செய்ததுக்கு இவ்வளவு வருது, கொப்பியிலை இருக்கு, பாருங்கோ. உங்கடை சாமானை இப்பவே எடுத்துக்கொண்டு போங்கோ." ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் போதும், நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். பழைய கணக்கெல்லாம் கிளறினால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும், பொழுதும் பட்டுவிடும். செய்த வேலைக்குரிய கூலியைப் பிடித்து வைக்காதீர்கள். கோபத்தில் ஒரு நாள் கூலியை மறுத்தவர்கள் பிறகு எந்த இடத்திலும் நியாயம் கேட்க முடியாமல் நிற்கிறார்கள். அவருடைய உளி, மட்டப்பலகை, ஏணி ஒன்றையும் ஈடாக வைத்திருக்கவும் வேண்டாம்.

போகச் சொல்லியும் போகாமல் வளவுக்குள் நின்று மிரட்டினால் கதை மாறிவிடுகிறது. அனுமதியோடு உள்ளே வந்தவர் பிறகு பயமுறுத்தவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ வேண்டும் என்று நிற்பதும் தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவில் குற்றமுறை அத்துமீறல்தான். உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு 119க்கு அடியுங்கள்.

காசுப் பிரச்சினைக்கும் பொலிசா?

போகலாம், ஆனால் முறைப்பாட்டைப் பதிந்துவிட்டு மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லும் வாய்ப்பு அதிகம். அது மோசமான இடம் இல்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை. சட்டத்தரணிகள் வந்து வாதாட முடியாது, செலவும் இல்லையென்றே சொல்லலாம். மத்தியஸ்தர்கள் இரண்டு பக்கக் கதையையும் கேட்டு ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றத்துக்குப் போகலாம். கொப்பி, வங்கிப் பதிவு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

கடை வைத்து, பற்றுச்சீட்டுக் கொடுத்து நடத்தும் நிறுவனத்தோடு பிரச்சினை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், இலக்கம் 1977. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், ஆகவே நாளைக் கடத்த வேண்டாம்.

ஆள் எங்கள் சொந்தக்காரன். கோபித்தால் கலியாண வீட்டில் முகம் பார்க்க முடியாது.

சொந்தக்காரரை வேலைக்குப் பிடிக்க முன்னர் இதைத்தான் யோசிக்க வேண்டும். பிடித்தாயிற்று என்றால் காசுக் கதையை இருவரும் மதிக்கும் மூன்றாம் ஆள் ஒருவர் மூலம் நடத்துங்கள், மாமாவோ பெரியப்பாவோ. மற்ற விதிகள் அவருக்கும் அவைதான். வெளி ஆளுக்கு எழுதிய கொப்பி அவருக்கும் எழுதுங்கள். "எங்களுக்குள்ளை என்ன கொப்பி?" என்று நிச்சயம் கேட்பார். "உங்கடை காசு பிழைச்சிடக் கூடாதெண்டுதான் மச்சான்" என்று சொல்லிப் பேனையைக் கொடுங்கள்.

எல்லை மீறிய ஆளை மறுபடி கூப்பிடலாமா? வேலை மட்டும் தங்கமானது.

வாய்க்கொழுப்பு, நேரம் பிந்துவது, சொல்லாமல் ஆள் கூட்டி வருவது என்றால் கூப்பிடலாம். போனமுறை என்ன பிடிக்கவில்லை என்று போனிலேயே சொல்லி, ஓம் என்றால் வரச் சொல்லுங்கள். மகளுக்குச் செய்தி அனுப்பியவனையும் அலுமாரியைத் திறந்தவனையும் கூப்பிட வேண்டாம், பக்கத்து வீட்டார் ஆள் எப்படி என்று கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், கூட்டிக் குறைக்காமல்.